பாணித்தாளும் முன்செயலியும்: திருவனந்தபுரத்து அச்சுக்கோப்பு மரபின் வெளிச்சத்தில்

2002 செப்டம்பரில் உலக டெக் பயனர் குழுவின் 23ஆவது ஆண்டு மாநாடு திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கூடியது. இந்தியாவில் அம்மாநாடு நடைபெற்றது அதுவே முதன்முறை. 2011 அக்டோபரில் மின்னூல் காலத்தில் டெக்கின் இடம் என்னும் பொருளில் அதே நகரில் மீண்டும் ஒருமுறை கூடியது. கணித நூல்களை அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்றின் உலக மாநாடு, பத்தாண்டு இடைவெளிக்குள் இருமுறை ஒரே இந்திய நகரத்தைத் தேடி வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இன்றைய வலை வடிவமைப்பாளர்கள் சாஸ், லெஸ், ஸ்டைலஸ் ஆகிய மூன்று முன்செயலிகளுள் எது சிறந்தது என்று நடத்தும் விவாதத்தை, அந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் கேள்வியே வேறு உருவம் கொள்கிறது.

கேரளத்தில் டெக்கைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் கேரளப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிப்பாடு. அரைக்குலக் கோட்பாட்டில் உலகறிந்த ஆய்வாளர். அவரோடு இணைந்து செயல்பட்ட சி.வி. ராதாகிருஷ்ணன் 1990களின் நடுவில் ரிவர் வேலி டெக்னாலஜிஸ் என்னும் அச்சுக்கோப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1998இல் இந்திய டெக் பயனர் குழு திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. அக்குழு 2003இல் வெளியிட்ட லேடெக் பயிற்சி நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்து, இந்தியாவுக்கு வெளியிலும் மாணவர்களின் முதல் பாடநூலாயிற்று. எல்சேவியர் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர் இன்றும் பயன்படுத்தும் லேடெக் வகுப்புக் கோப்பை எழுதியதும் இந்த வட்டத்தினரே. ஐரோப்பிய இதழ்களின் பக்கத் தோற்றத்தை ஆளும் கட்டளைகள் கரமனையாற்றங்கரை நகரில் எழுதப்பட்டன என்பதைப் பல ஆய்வு மாணவர்கள் அறியார்.

இம்மரபின் அடிப்படைக் கொள்கை ஒன்றே: எழுதுபவர் பொருளைக் குறிக்க வேண்டும், தோற்றத்தைக் குறிக்கலாகாது. 'இது தலைப்பு' என்று சொன்னால் போதும். அது எத்தனை புள்ளி அளவில், எத்தனை இடைவெளியில் அமைய வேண்டும் என்பது வேறொரு கோப்பின் பொறுப்பு. டொனால்ட் குனூத் 1970களின் இறுதியில் டெக்கை உருவாக்கினார். 1980ஆம் ஆண்டை ஒட்டி பிரையன் ரீடின் ஸ்கிரைப் என்னும் ஒழுங்கு, உள்ளடக்கத்தையும் வடிவத்தையும் பிரித்துக் காட்டியது. அதன் தாக்கத்தோடு லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் லேடெக்கைக் கட்டினார். லேடெக் என்பது உண்மையில் டெக்கின் மேக்ரோக்களால் ஆன ஓர் அடுக்கு. அடியிலுள்ள கருவிக்குப் புரியும் எளிய கட்டளைகளாக விரியும் மேலடுக்கு மொழி என்னும் கருத்து, வலை உலகிற்கு இருபது ஆண்டுகள் முன்பே அச்சுலகில் நிலைபெற்றிருந்தது.

வலையில் அதே பிரிவினையைக் கொண்டுவந்தது சிஎஸ்எஸ். ஹோக்கன் வியும் லீ 1994 அக்டோபரில் அதை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் உடன் சேர்ந்தார். 1996 டிசம்பரில் முதல் நிலை பரிந்துரையாக வெளிவந்தது. அதில் மாறிகள் இல்லை, மேக்ரோக்கள் இல்லை. இது மறதியால் நேர்ந்ததன்று. பாணித்தாளை நிரலாளர் அல்லாதவரும் படித்துத் திருத்த வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் எண்ணம். 2008இல்கூட சிஎஸ்எஸ்ஸில் மாறிகள் தீங்கு என்று வாதிட்டு போஸ் ஒரு கட்டுரை எழுதினார். அந்த எளிமைக்கு விலை இருந்தது. ஒரே நிற எண்ணை நூறு இடங்களில் எழுதியவர், நிறத்தை மாற்ற நூறு இடங்களையும் தேட வேண்டியிருந்தது.

அந்த வெற்றிடத்தில் முன்செயலிகள் தோன்றின. ஹாம்ப்டன் காட்லின் 2006இல் சாஸை வடிவமைத்தார். நடாலி வைசன்பாம் அதை வளர்த்தெடுத்தார். தொடக்கத்தில் அடைப்புக்குறிகளை நீக்கி, வரியின் உள்தள்ளலையே இலக்கணமாகக் கொண்டது. 2010இல் சிஎஸ்எஸ் போலவே தோன்றும் எஸ்சிஎஸ்எஸ் வடிவம் சேர்ந்தபின் அதன் பரவல் விரைந்தது. அலெக்சிஸ் செலியே 2009இல் லெஸ்ஸை வெளியிட்டார். முதலில் ரூபி மொழியில் எழுதப்பட்ட அது பின்னர் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியதால், உலாவிக்குள்ளேயே இயங்கவும் முடிந்தது. டி.ஜே. ஹோலோவேசுக் 2010இல் தந்த ஸ்டைலஸ் அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி அனைத்தையும் விருப்பத்துக்கு விட்டது.

மூன்றிலும் மாறிகள் உண்டு, உள்ளமைவு உண்டு, மீளப் பயன்படும் மிக்ஸின்கள் உண்டு. பட்டியலிட்டு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதாகவே தோன்றும். மெய்யான வேறுபாடு, ஒரு பெயருக்கு எப்போது பொருள் தரப்படுகிறது என்பதில் இருக்கிறது. தலைப்பு நிறம் என்னும் மாறிக்குச் சிவப்பைத் தந்து, ஒரு விதியில் பயன்படுத்தி, அதன் கீழே அதே மாறிக்கு நீலத்தைத் தருவதாகக் கொள்வோம். சாஸ் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முன்னே எழுதிய விதியில் தலைப்பு சிவப்பாகவே நிற்கும். ஸ்டைலஸும் அவ்வழியே. லெஸ்ஸில் அதே எல்லைக்குள் இறுதியாகத் தரப்பட்ட மதிப்பே எங்கும் செல்லும்; ஆகவே முன்னே எழுதிய தலைப்பும் நீலமாகிவிடும். ஒரு நூலகத்தின் பாணித்தாளை இறக்கி, கடைசியில் தன் நிறங்களை மட்டும் எழுதி, முழுத் தோற்றத்தையும் மாற்ற விரும்புபவருக்கு லெஸ் வசதி. வரிசையைப் பின்தொடர்ந்து பிழை தேடுபவருக்கு சாஸ் வசதி.

இந்த வேறுபாட்டை டெக் பயின்றவர் உடனே அடையாளம் காண்பர். டெக்கில் ஒரு மேக்ரோவை இரு வகையில் வரையறுக்கலாம். ஒன்று, உள்ளிருக்கும் பெயர்களைப் பயன்படும் வேளையில் விரிப்பது. மற்றொன்று, வரையறுக்கும் வேளையிலேயே விரித்து உறையச் செய்வது. இரண்டையும் ஒரே மொழி தந்து, தேர்வை எழுதுபவரிடம் விடுகிறது. முன்செயலிகளோ தத்தம் தேர்வை மொழியின் இயல்பாகவே ஆக்கிக்கொண்டன. பிழையை எதிர்கொள்ளும் முறையிலும் அவை பிரிகின்றன. வரையறுக்கப்படாத மாறியைக் கண்டால் சாஸும் லெஸ்ஸும் நின்றுவிடும். ஸ்டைலஸில் மாறிக்கு முன்குறி கட்டாயமில்லை. ஆதலால் எழுத்துப் பிழையுள்ள பெயரை அது வெறும் சொல்லாகக் கருதி வெளியீட்டில் அப்படியே எழுதிவிடும். சுருக்கம் தரும் சுகத்தின் மறுபக்கம் அது.

அச்சு மரபும் வலை மரபும் நேரடியாகச் சந்தித்த இடமும் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையது. லேடெக் ஆவணத்தை எச்டிஎம்எல் ஆக மாற்றும் டெக்ஃபோர்எச்டி என்னும் கருவியை ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஐத்தான் குராரி உருவாக்கினார். 2009இல் அவர் மறைந்தபின் அதன் பராமரிப்பை கார்ல் பெர்ரியும் சி.வி. ராதாகிருஷ்ணனும் ஏற்றனர். அக்கருவியின் அமைப்புக் கோப்பில் ஒரு கட்டளை உண்டு. அதனுள் எழுதுவது சிஎஸ்எஸ் கோப்பாக வெளிவரும். அக்கட்டளையை டெக் மேக்ரோக்களோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது, டெக்கே ஒரு பாணித்தாள் முன்செயலியாகிவிடுகிறது. ஒரே மூலத்திலிருந்து அச்சுப் பக்கமும் வலைப் பக்கமும் அதற்குரிய பாணித்தாளும் பிறக்கின்றன. சாஸ் பாணித்தாளை மட்டுமே அறியும். இக்கருவி ஆவணத்தையும் அறியும்.

மலையாளம் இவ்வொப்பீட்டிற்கு மேலும் ஒரு கூர்மை தருகிறது. 1971இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கும் ஏற்பக் கூட்டெழுத்துகள் பிரிக்கப்பட்டன. மெய்யோடு ஒட்டியிருந்த உகரக் குறி தனியே நின்றது. 1999இல் தொடங்கிய ரசனா இயக்கம், கணினிக்கு அத்தகைய தடை இல்லை என்று வாதிட்டுப் பழைய எழுத்துமுறையை எழுத்துருவாக மீட்டது. ஒருங்குறியில் இரு முறைகளுக்கும் எழுத்துத் தொடர் ஒன்றே. எது தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. தமிழில் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லகர, ணகர ஐகார வடிவங்களின் நிலையும் இதுவே. ஆகவே மலையாளப் பக்கத்தின் பாணித்தாளில் எழுத்துரு என்னும் ஒரு மாறி, அழகை மட்டுமன்றி எழுத்துமுறையையே தீர்மானிக்கிறது. பழைய முறையில் கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுங்குவதால் வரி இடைவெளியும் கூட வேண்டும். எழுத்துருவும் இடைவெளியும் சேர்ந்தே மாற வேண்டிய இடம். மிக்ஸினுக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

ஆயினும் இங்கேதான் முன்செயலியின் எல்லையும் தெரிகிறது. சாஸ் மாறி, கோப்பு தொகுக்கப்படும்போதே மறைந்துவிடுகிறது. உலாவியைச் சென்றடைவது வெறும் மதிப்பே. பழைய எழுத்தா புதிய எழுத்தா என்பதை வாசகர் தேர வேண்டுமெனில், இரு மதிப்புகளையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சிஎஸ்எஸ் இப்போது தானே பெற்றுள்ள தனிப்பயன் பண்புகள், ஏறத்தாழ 2014 முதல் 2017க்குள் உலாவிகளில் பரவியவை, பக்கம் திறந்திருக்கும்போதே உயிரோடு இருக்கின்றன, மரபுரிமையாகக் கீழிறங்குகின்றன, வாசகரின் ஒரு சொடுக்கில் மாறுகின்றன. 2023இல் உள்ளமைவும் முக்கிய உலாவிகளில் வந்துவிட்டது. சாஸில் தாய்ப் பெயரோடு பின்னொட்டைச் சேர்த்துப் புதுப் பெயர் ஆக்குவது போன்ற சில வசதிகள் மட்டும் உலாவியின் உள்ளமைவில் இல்லை.

கருவிகளின் ஆயுள் இவ்வொப்பீட்டின் இறுதிக் கூறு. 2011இல் வெளிவந்த பூட்ஸ்டிராப் லெஸ்ஸில் எழுதப்பட்டது. அதன் நான்காம் பதிப்பு சாஸுக்கு மாறியது. சி++ மொழியில் எழுதப்பட்ட லிப்சாஸ் தரும் வேகம் அப்போது காரணமாகக் கூறப்பட்டது. 2019இல் ரூபி சாஸின் ஆதரவு முடிந்தது. 2020இல் லிப்சாஸும் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இன்று எஞ்சி வளர்வது டார்ட் சாஸ். அதுவும் 2024இல் பழைய இறக்குமதிக் கட்டளை நீக்கப்படும் என்று எச்சரிக்கத் தொடங்கியது. இதற்கு எதிர்முனையில் நிற்பது டெக். 1990இல் குனூத், பிழை திருத்தம் தவிர வேறு மாற்றம் இல்லை என்று அறிவித்தார். அதன் பதிப்பு எண் பையின் மதிப்பை ஓரிலக்கம் ஓரிலக்கமாக நெருங்குகிறது. லேடெக்கின் துணைத் தொகுப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய ஆய்வேடு சில இடங்களில் திருத்தம் கேட்கலாம். எனினும் அடித்தளம் நகர்வதில்லை.

ஆய்வேட்டையோ மின்னூலகத்தையோ உருவாக்கும் மாணவருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. மூன்று முன்செயலிகளுள் இன்று சாஸைத் தேர்வது பாதுகாப்பானது; அதன் பயனர் திரளும் பராமரிப்பும் அதற்குக் காரணம். ஆனால் தொகுப்பில் காக்க வேண்டியது சாஸ் கோப்பை மட்டும் அன்று; அதிலிருந்து தொகுக்கப்பட்ட சிஎஸ்எஸ்ஸையும் சேர்த்தே காக்க வேண்டும். முன்செயலி மறைந்தாலும் உலாவி அதைப் படிக்கும். 1996ஆம் ஆண்டின் எளிய பாணித்தாள் இன்றும் இயங்குகிறது. மாறிகளை மறுத்த முன்னோரின் பிடிவாதத்துக்கு அந்த நன்மையில் பங்குண்டு. எழுத்துமுறை, வாசக அளவு, நிறவேறுபாடு போன்று வாசகருக்கு உரிய தேர்வுகளைத் தனிப்பயன் பண்புகளாகவும், தொகுப்பவருக்கு மட்டும் உரிய கணக்குகளை முன்செயலியிலும் வைப்பது தகும். இரண்டுக்கும் அடியில், பொருளை மட்டும் குறித்த ஆவணம் தனியே நிற்க வேண்டும். திருவனந்தபுரத்துக் கணிதத் துறையினரும் அச்சுக்கோப்பாளரும் கால் நூற்றாண்டுக்கு முன்பே கற்பித்த பாடம் இதுவே. கருவி மாறும்போது எழுதிய நூல் மாறாதிருப்பது அந்தப் பிரிவினையால்தான்.