கலிங்கு

கலிங்கு என்பது ஏரி, கண்மாய்களில் மிகுதியாகும் நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்காக, கரையைவிடத் தாழ்வாகக் கட்டப்படும் வழிந்தோடி. அதன் வழியே நீர் வெளியேறுவதைத் தென்மாவட்டத்தார் மறுகால் பாய்வது என்பர்; வடமாவட்டங்களில் ஏரி கோடி போகிறது என்பர். நீர் அப்படி வழியும் நாளில் கலிங்கடியில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டும் ஊர்கள் உண்டு.

பழைய கலிங்குகளின் தலைப்பில் கற்கள் இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இடுக்குகள் திறந்தே கிடக்கும். மழை ஓயும் தறுவாயில் பலகை, வைக்கோல், களிமண் கொண்டு அவற்றை அடைத்துக் கூடுதலாக நீர் பிடிப்பார்கள். முந்தி அடைத்தால் கரைக்கு ஆபத்து; பிந்தினால் கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. நாள் பார்த்து அடைப்பது, ஊரின் பாசன நீரைக் கவனிக்கும் நீர்க்கட்டியின் தேர்ச்சி. பொறியியல் நூல்கள் இந்தத் தேர்ச்சிக்கு உரிய இடம் தந்ததில்லை.

கலிங்கை ஒரு சாண் உயர்த்தினால் ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலங்களுக்கு ஆதாயம். ஆனால் நீர்பிடிப்பை ஒட்டிப் பயிர் வைத்தவரின் நிலம் மூழ்கும். வழிந்த நீரே அடுத்த ஏரிக்கு வரத்து என்பதால் கீழூருக்கும் அந்த உயரத்தில் பங்குண்டு. மேல் ஏரி உடைந்தால் சங்கிலியிலுள்ள கீழ் ஏரிகளும் அடுத்தடுத்து உடையக்கூடும். கலிங்கின் உயரத்தைப் பற்றி ஊர்கள் ஓயாமல் சண்டையிட்டதில் வியப்பில்லை.

ஏரியைப் பார்க்கத் தனிக் குழு இருந்ததற்குச் சான்று உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்து (பொ.ஆ. 921) அக்கல்வெட்டின்படி ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் ஓலைச்சீட்டைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையில் தேர்வாயினர். ஊரார் கூடி உழைத்துப் பராமரிக்கும் குடிமராமத்தை ஆங்கிலேய அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. மதுராந்தகத்தில் இராமரே ஏரிக்கரையைக் உடையாமல் காத்ததாக ஆங்கிலேயக் கலெக்டர் பிளேஸ் காலத்துக் கதை சொல்கிறது. உடைப்பு பற்றிய அச்சம் அவ்வளவு ஆழமானது.

இன்று தூர்வாருதல் பேசப்படும் அளவுக்குக் கலிங்குக்குக் கீழே உபரிநீர் ஓடும் போக்குக்கால் பேசப்படுவதில்லை. அது மனையாகிவிட்டால் கலிங்கு சரியாக வேலை செய்தும் பயனில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரும் சேரும் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. அதன் பிறகே அங்கு ஆற்றை அகலப்படுத்தி, மூடுகால்வாய்கள் கட்டினார்கள்.