மண்ணோட தண்ணியா, குவளையோட தண்ணியா?

புதுசா மண்பானை வாங்கினா, உடனே அதுல குடிக்கிற தண்ணி பிடிச்சு வைக்க மாட்டோம். ரெண்டு மூணு நாள் தண்ணி ஊற்றிக் கொட்டுவோம், இல்லைன்னா மண்வாடை அடிக்கும். இன்றைய கதையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே பானைக்குப் பதில் ஓர் அறிவியல் கருவி.

வயலில் போட்ட உரத்தில் எவ்வளவு தண்ணீரோடு கீழே இறங்குகிறது? இதைத் தெரிஞ்சுக்க, மண்ணுக்குள்ளே இருக்கிற நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். 1904-ல் லைமன் பிரிக்ஸ், மெக்கால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு வழி சொன்னார்கள். நுண்துளைகள் உள்ள பீங்கானை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டால், மண்ணில் உள்ள நீர் துளைகள் வழியே கசிந்து வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'செயற்கை வேர்'.

அருமையான யோசனை, இல்லையா? பிற்பாடு இதே வழியில் பீங்கான் குவளைகள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் ஒரு சிக்கல். பீங்கானும் சுட்ட மண்தானே! ஆய்வகத்தில் அளந்த கால்சியம் வயலிலிருந்து வந்ததா, குவளையிலிருந்து வந்ததா?

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, டிஸ்டில்ட் வாட்டரைக் குவளை வழியாக இழுப்பது. வெளியே வருவதில் உப்பு இருந்தால், அது குவளை சேர்த்தது. இரண்டாவது, அளவு தெரிந்த கரைசலை இழுப்பது. அளவு குறைந்தால், அது குவளை பிடித்து வைத்துக்கொண்டது.

1970-ல் குரோவர், லாம்போர்ன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இரண்டு குறையையும் காட்டியது. குவளை கால்சியம், சோடியம், பொட்டாசியத்தைக் கசியவிட்டது, பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் இந்தத் தொந்தரவு குறையும் என்றார்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரண்டாவது குறைதான். கூடுதலாக வந்தால் சந்தேகப்படுவோம். குறைவாக வந்தால் நிம்மதியாகிவிடுவோம். பாஸ்பரஸ் ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்த்துக்கொண்டிருக்கும். நம்ம கையில் இருக்கிற குப்பியோ, வயலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லும்.

கழுவியதோடும் வேலை முடியவில்லை. 1975-ல் ஹேன்சன், ஹாரிஸ் இருவரும், நீர் உள்ளே வரும் வேகம், துளை அடைப்பு, புதைத்த ஆழம் இவையும் முடிவை மாற்றும் என்று காட்டினார்கள்.

அதனால், இனி யாராவது மண்நீர் பற்றிக் கணக்கு சொன்னால், நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: வெறும் தண்ணியை வைத்துக் குவளையைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?