ஒன்றாகத் தெரிவதும் ஒன்றாக இருப்பதும்

அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுற்றில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், எட்டு இடங்களில். நடந்து முடிப்பவருக்கு அது ஒரே வலம். எந்த லிங்கமும் இடம் மாறவில்லை. சுற்றுகிற பாதைதான் அவற்றைச் சேர்க்கிறது.

இதே பாதையில் ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை தீபத்தைப் படமெடுப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் நிரம்பும், இன்னொன்று வாங்குவார்கள், பிறகு மூன்றாவது. "அந்தப் படம் எந்த டிஸ்க்குல கெடக்கு?" என்பதுதான் தினசரிக் கேள்வி. கோப்புகளை நகர்த்தாமலே எல்லா டிஸ்க்கையும் ஒரே ஃபோல்டராகக் காட்ட முடியும். கணினிக்காரர்கள் இதை யூனியன் மவுண்ட் என்கிறார்கள்.

இந்த யோசனை வீட்டு டிஸ்க்குகளுக்காகப் பிறந்ததில்லை. 1980களின் கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் டிரான்ஸ்லூசென்ட் ஃபைல் சர்வீஸ் என்று ஒன்று வந்தது. பல பொறியாளர்கள் ஒரே நிரல் தொகுப்பைப் பகிர்வார்கள். அவரவர் திருத்தம் அவரவர் மேலடுக்கில் இருக்கும், அடியில் இருப்பது கலையாது. யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸ், 1992இல் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்த பிளான் 9இல், பல அடைவுகளை ஒரே பெயரின்கீழ் அடுக்கலாம். 2004 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் ஸடோக் குழு லினக்ஸுக்கு யூனியன்எஃப்எஸ் எழுதியது. எழுத முடியாத சிடியின் மேல் ஒரு நினைவக அடுக்கைப் போட்டு, சிடியிலேயே எழுதுவதுபோலக் காட்டினார்கள். 2014 டிசம்பரில் ஓவர்லேஎஃப்எஸ் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது. இன்றைய டாக்கர் இந்த அடுக்கு முறையில்தான் ஓடுகிறது.

அடுக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். கீழடுக்கில் கை வைக்கக் கூடாது என்பதால், அழிக்கச் சொன்னால் மேலே ஒரு மறைப்புக் குறி மட்டும் விழும். அதற்கு வைட்அவுட் என்று பேர். கோயில் சுவர்க் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி. சுரண்டினால் எழுத்து கிடைக்கும். வீட்டு டிஸ்க்குகளைச் சேர்க்கிற மெர்ஜர்எஃப்எஸ் போன்றவற்றில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே அழித்தால் நிஜமாகவே அழியும். புதுப்பிக்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லெழுத்தே போன கதைதான்.

இந்த வசதியை வீட்டுக்குள் கொண்டுவந்த பெரிய முயற்சி, 2007இல் வந்த விண்டோஸ் ஹோம் சர்வர். அதன் டிரைவ் எக்ஸ்டெண்டர் பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டியது. சில மாதங்களிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருக்கும் சர்வரில் சில மென்பொருட்களால் கோப்பைத் திருத்தினால் அது கெட்டுப்போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. திருத்தம் 2008இல்தான் வந்தது. 2010 நவம்பரில், அடுத்த பதிப்பில் இந்த வசதியே இருக்காது என்று அறிவித்தார்கள்.

திருவண்ணாமலைக் கல்வெட்டுகளுக்கும் ஒரு சேர்க்கை நடந்திருக்கிறது. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. சுவர்களில் சிதறிக் கிடந்தவை ஒரே இடத்தில் படிக்கக் கிடைத்தன. பார்ப்பதற்கு யூனியன் ஃபோல்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் புத்தகம் என்பது பிரதி. நாளைக்கு ஒரு சுவர் சிதைந்தாலும் வாசகம் அச்சில் இருக்கும். ஃபோல்டர் பிரதி இல்லை, அது வலம். நடுவில் ஒரு லிங்கம் இல்லாமல் போனால் பாதை அதை மீட்டுத் தராது.

ஒரு நல்லது உண்டு. கோப்பைத் துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்பும் ரெய்டு 0இல் ஒரு டிஸ்க் செத்தால் மொத்தமும் போச்சு. மெர்ஜர்எஃப்எஸ்ஸில் செத்த டிஸ்க்கில் இருந்தது மட்டும்தான் போகும், மற்றவை அப்படியே இருக்கும். ஆனால் போனது ஒரு வருஷத்துத் தீபமாக இருக்கலாம், அந்த வருஷம் கடைசியாக மலை சுற்றிய பாட்டியின் முகமாக இருக்கலாம். எல்லாம் ஒரே ஃபோல்டரில் தெரிகிறதே என்று நிம்மதியாவதற்கு முன்னால், அந்த முகம் இரண்டாவதாக எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.