தாத்தாவைப் பார்க்க யார் வரணும்? ஆப்பில் முதலில் இதை செட் பண்ணுங்க!

தாத்தா மாமல்லபுரத்தில் படுத்த படுக்கை. சிறுநீர் டியூப் மாற்ற வேண்டிய நாள். டியூப் மாற்றத் தெரிந்த நர்ஸ் இருப்பது செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ. பக்கத்துத் தெருவிலேயே ஒரு அட்டெண்டர் இருக்கிறார். ஆப் யாரை அனுப்பும்?

'குறைந்த பயண நேரம்' என்பதுதான் முதல் இலக்கு என்றால், அட்டெண்டரைத்தான் அனுப்பும். அவர் குளிப்பாட்டுவார், சாப்பாடு ஊட்டுவார். ஆனால் டியூபைத் தொடக் கூடாது. விசிட் 'முடிந்தது' எனப் பதிவாகும், வேலை நடந்திருக்காது.

அரசுத் திட்டம் சொல்லும் பாடம்

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பாருங்கள். பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தர மகளிர் தன்னார்வலர், உடற்பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட், படுக்கை நோயாளிகளுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை செவிலியர். வேலைக்கு ஏற்ற ஆள், அவ்வளவுதான்! 2024-ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

செட் பண்ணுவது எப்படி?

* தேவையை உடைத்து எழுதுங்கள்: 'நர்ஸ் வேணும்' என்றால் போதாது. டியூப் மாற்றுதல், படுக்கைப்புண்ணுக்குக் கட்டு, இன்சுலின் ஊசி எனத் தனித்தனியாகக் குறியுங்கள்.

* கட்டாயம் வேறு, விருப்பம் வேறு: டியூப் மாற்றும் திறன் கட்டாயம். அது இல்லாதவர் பெயர் பட்டியலிலேயே வரக் கூடாது. பெண் நர்ஸ், காலை நேரம் போன்றவை பெரும்பாலும் விருப்பம். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் ஒருவருமே கிடைக்க மாட்டார்கள்.

* இலக்குகளை வரிசைப்படுத்துங்கள்: முதலில் திறன், அடுத்து வழக்கமாக வருபவர், கடைசியாகத் தூரம். அதே ஆள் தொடர்ந்து வந்தால், புண் ஆறுகிறதா, பெரிதாகிறதா எனச் சட்டெனக் கண்டுபிடிப்பார்.

* மாற்று ஆள் வையுங்கள்: வார இறுதியில் ஈ.சி.ஆர். டிராஃபிக் தெரியும்தானே? அதே திறன் உள்ள இன்னொருவர் பெயரும் இருக்கட்டும்.

* பதிவை அப்டேட் செய்யுங்கள்: புதுப் பயிற்சி முடித்தவரையும், பதிவு காலாவதியானவரையும் உடனே திருத்துங்கள்.

ஷெட்யூல் போடுவது ஏஜென்சியா? அப்படியென்றால் போன் செய்து இதை மட்டும் கேளுங்கள்: "வர்றவருக்கு டியூப் மாத்தத் தெரியுமா?" பதில் தெளிவாக வரும்வரை விடாதீங்க!