தர்மபுரி – சென்னை: வான்வழித் தொலைவும் பிரயாண காலமும்

தர்மபுரி நகரத்துக்கும் தமிழ்நாட்டின் தலைநகராகிய சென்னைக்கும் இடையேயுள்ள வான்வழித் தொலைவு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பூமி கோள வடிவினது ஆதலின், அதன் மேற்பரப்பில் இரண்டு ஸ்தலங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் வில்லாகவே அமையும். அவ்வில்லின் நீளமே வான்வழித் தொலைவு எனப்படுவது. ஜவ்வாது மலையின் தென்பகுதிக்கு மேலாகச் செல்லும் இக்கோடு, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் என்று மலைகளைச் சுற்றிக்கொண்டு 300 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் சாலையைவிடக் கணிசமாகக் குறுகியது.

இத்தகைய தொலைவுகளைச் சாஸ்திரீயமாக நிர்ணயிக்கும் முயற்சி நம் நாட்டில் விமானம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1802-இல், பரங்கிமலையருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அளவைக்கு ஆதாரமான அடிக்கோடு ஒன்றை அளந்தபோது தொடங்கிவிட்டது. பின்னர் தெற்கு வடக்காக அவர் அளந்துசென்ற பெருவில், தர்மபுரிக்கு அண்மையிலுள்ள 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டியே சென்றது என்பது இம்மாவட்டத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி.

தர்மபுரி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. நேர்க்கோட்டில் தெற்கே 40 கிலோமீட்டர் அளவில், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையமே மிக அருகிலுள்ளது. அங்கிருந்து சென்னை விமான நிலையம் அமைந்துள்ள மீனம்பாக்கம் சுமார் 265 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல ஏ.டி.ஆர். ரகச் சிறு விமானத்துக்கு இது அரைமணிப் பொழுதுக்குரிய தூரமே எனினும், ஓடுபாதையை அடைதலும், மேலேறுதலும், வரிசையில் காத்து இறங்குதலும் சேர்ந்து கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிவிடுகின்றது.

ஆயினும் பயணியின் காலம் பெரும்பாலும் செலவாவது வானத்திலன்று, நிலத்திலேயே. லாரிகள் ஊர்ந்திறங்கும் தொப்பூர்க் கணவாயைக் கடந்து காமலாபுரம் சேர ஒரு மணி, சோதனைகளுக்கென முன்கூட்டிச் சென்று காத்திருக்க ஒரு மணி, பறக்க ஒரு மணி, சென்னையில் இறங்கி ஊருக்குள் செல்ல ஏறக்குறைய மற்றொரு மணி என நான்கு மணி நேரம் கழிகின்றது. சாலை வழியே ஆறு மணி நேரத்தில் அதே இடத்தை அடையலாம். தவிரவும், 1993-இல் திறக்கப்பட்ட சேலம் விமான நிலையத்தில் சேவை இடையறாது நடந்ததில்லை: சிறு நகரங்களுக்கு விமான இணைப்பு அளிக்கும் அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் 2021-இல் நின்று, 2023 அக்டோபரிலேதான் மீண்டும் சேவை பிறந்தது. ஆகவே வெறும் தொலைவுப் பட்டியலை நம்பிப் பிரயாணத்தைத் திட்டமிடுதல் தகாது.

ரயில் மார்க்கமும் ஒரே சீராக இல்லை. தர்மபுரி நகரம் பெங்களூர்–ஓமலூர் பாதையில் இருக்க, சென்னைக்குச் செல்லும் பிரதான பாதையோ மொரப்பூர் வழியே செல்கின்றது. இவ்விரண்டையும் இணைத்து 1906 முதல் ஓடிய குறுகிய பாதை 1941-இல் மூடப்பட்டது. இதனால் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியினருக்கே ரயில் மிகவும் அனுகூலமாயிருக்கின்றது. அப்பகுதியிலுள்ள அரூரிலிருந்து ஒரே வேளையில் புறப்படும் இருவரில், ஒருவர் காமலாபுரம் சேர்ந்து விமானத்தில் ஏறி அமர்வதற்குள், மொரப்பூரில் ரயிலேறிய மற்றவர் ஜோலார்பேட்டையைக் கடந்திருப்பார்.