சமூக ஊடகமும் தொழிற்சட்டமும் (இலங்கை)

ஊழியர் ஒருவர் முகநூல், வட்ஸ்அப் போன்றவற்றில் இடும் பதிவு அவரது வேலையைப் பாதிக்கும்போது பொருந்தும் சட்ட ஏற்பாடுகள்.

அரச துறை: அலுவலர்கள் ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவதைத் தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயம் கட்டுப்படுத்துகிறது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 செப்டெம்பரில், பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று இக்கட்டுப்பாட்டைச் சமூக ஊடகங்களுக்கும் விரித்தது. அங்கே கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்றது. கொழும்புச் செயலகத்து அதிகாரிக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலவில் கடமையாற்றும் அரச அலுவலருக்கும் விதி ஒன்றே. பேச்சுச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை உறுதிப்படுத்துவதால், இத்தகைய பொதுத் தடை மிகையானது என்ற விமர்சனம் நியாயமானதே.

தனியார் துறை: தொழில் ஒப்பந்தமும் நிறுவன ஒழுக்க விதிகளுமே அடிப்படை. வாடிக்கையாளர் விபரத்தை வெளியிடுதல், சக ஊழியரை இழிவுபடுத்துதல் போன்றவை தவறான நடத்தையாகக் கொள்ளப்படலாம். பதிவின் திரைப்பிரதி, அதன் திகதி, அதைப் பார்த்தவர்கள் யார் என்பன விசாரணையில் முக்கியமாகும்.

பரிகாரம்: நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்ட தனியார்துறைத் தொழிலாளி, 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்கீழ், உரிய காலவரையறைக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம்.