அப்பாயி பொம்மையின் கன்னம்

போன மாசம் ஆபீசுல ஆணி புடுங்கறதுக்கு மூணு நாள் லீவு விட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாயி அலமாரியைத் திறந்து ஒரு துணி மூட்டையைப் பிரிச்சாங்க. உள்ளே அவங்க கல்யாணமான புதுசுல புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் வாசல் கடையில வாங்கின ஆட்டக்காரி பொம்மை. தலை தனி, இடுப்பு தனி, பாவாடை தனின்னு கம்பியில தொங்கி ஆடுமே, அதேதான். காகிதக்கூழ் பொம்மைக்குத் தண்ணி ஆகாது. ஓடு ஒழுகின ஒரு மழையில இடது கன்னமும் மூக்கோரமும் உரிஞ்சு போயிருந்தது.

"கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குறே. இது முழுசா போறதுக்குள்ள ஒரு படம் போட்டுக் குடுய்யா."

போட்டோ எடுத்துத் தர்றேன்னேன். "போட்டோவுல பாதி மூஞ்சிதானேடா இருக்கும்?"ன்னாங்க. பாயிண்டு!

ராத்திரி உக்காந்து கிம்ப்புல வரைஞ்சேன். கோடு வந்துடுச்சு, கலரும் வந்துடுச்சு. ஷேடிங்லதான் மாட்டிக்கிட்டேன். நெட்டுல எல்லா வாத்தியாரும் சொல்ற மாதிரி, வெளிச்சம் வலது பக்கத்துலேர்ந்து வருதுன்னு வெச்சுக்கிட்டு இடது கன்னத்தை இருட்டாக்கினேன். காலையில காமிச்சா அப்பாயி முகம் சுருங்கிப் போச்சு. "யாருடா இவளைக் கன்னத்துல அறைஞ்சது?"

அன்னிக்கு மத்தியானமே அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கிளம்பிட்டேன். போற வழியெல்லாம் கடைகள்ல மாட்டியிருக்கிற தஞ்சாவூர் ஓவியங்களை முதல் தடவையா ஒழுங்கா பார்த்தேன். பலாப்பலகை, மேலே ஒட்டின துணி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த மேடு, தங்க ரேக்கு, கல்லு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மராட்டியர் காலத்துல வளர்ந்து, இரண்டாம் சரபோஜி (1798–1832) நாள்ல உச்சத்துக்குப் போன கலை. ஆனா அந்தத் தவழும் கிருஷ்ணன் கன்னத்தைப் பாருங்க. நீலமேக சியாமளன்னு பாடிட்டு, பல படத்துல வெள்ளையாத்தான் தீட்டி வெச்சிருக்காங்க. அந்த வெள்ளையில நிழல் ஒரு பக்கமா விழல. முகத்தோட விளிம்பைச் சுத்திச் சுத்தி உள்பக்கமா கொஞ்சம் அடர்த்தி, நடுவுல வெளுப்பு. அவ்வளவுதான், மூஞ்சி உருண்டையா எழும்பி வந்துடுது.

வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, பார்க்கிறவன் நிக்கிற இடத்துலேர்ந்து வருது. பூஜை அறையில படத்துக்கு எதிர்த்தாப்புலதானே விளக்கு? என் கணக்கு அதுதான்.

இது மராட்டியர் கண்டுபிடிச்சதும் இல்லை. விஷ்ணுதர்மோத்தரத்துல வர்ற சித்திரசூத்திரம் மூணு விதமா நிழல் போடச் சொல்லுது: இலை நரம்பு மாதிரி கோடு இழுக்கிறது பத்ரஜம், மெல்ல நீவி இழைக்கிறது ஐரிகம், புள்ளி வெச்சு நிரப்புறது பிந்துஜம். பெரிய கோயில்ல கருவறையைச் சுத்தின இருட்டு நடையில, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடிச்சார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன் அதை ஆராய்ஞ்சு, ஈரச் சுண்ணாம்பு மேலேயே வரைஞ்சதுன்னு சொன்னார். காயறதுக்குள்ள முடிக்கணும், அன்டூ கிடையாது :-) அச்சுல வந்த படங்களைப் பார்த்த வரைக்கும், அந்த ஆடுமகளிர் உடம்பிலேயும் திரட்சி கோட்டிலேயும் இழைப்பிலேயும்தான் இருக்கு. ஒரு பக்கத்து வெயில் இல்ல.

அந்த வெயில் கம்பெனிக்காரனோட வந்தது. 1799 ஒப்பந்தத்துல சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துட்டார், கையில மிஞ்சினது கோட்டை. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நம்ம ஊர் ஓவியர்கள் வெள்ளைக்காரங்களுக்காகக் காகிதத்துல நீர்வண்ணப் படம் போட ஆரம்பிச்சிருந்தாங்க. குயவனும் பெண்டாட்டியும், நெசவாளியும் பெண்டாட்டியும்னு ஜோடி ஜோடியா. அதுல ஆளு ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் மங்கல், காலடியில தரையில விழுந்த நிழல். அதே ஊரு, கிட்டத்தட்ட அதே காலம், சாமிக்கு ஒரு ஷேடிங், துரைக்கு ஒரு ஷேடிங்! வாங்கறவன் யாருன்னு தூரிகைக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

நான் வரைஞ்சது துரைக்கான ஷேடிங். அதுல இன்னொரு குளறுபடி வேற. பொம்மைக் கன்னத்துல இருக்கிற ரோஸ் நிழல் இல்ல, ஏற்கெனவே பூசின பவுடர். 1959ல மேட்டல் கம்பெனி கொண்டுவந்த பார்பிக்கும் இதே கதைதான்: உதடு, புருவம், இமை எல்லாம் தொழிற்சாலை மேக்கப். நான் அந்த ரோஸ் மேலேயே கறுப்பை ஏத்தினதால கன்றிப் போன மாதிரி ஆயிடுச்சு.

திரும்பவும் ஆரம்பிச்சேன். ரோஸுக்கு ஒரு லேயர், தட்டையா. அதுக்கு மேல தனி லேயர்ல கறுப்பு வேண்டாம்னு காவி எடுத்து, விளிம்பை ஒட்டி மட்டும், ரொம்ப மெல்லிசா. மூக்குக்கு ரெண்டு பக்கமும் அதே. போன கன்னத்தை இருக்கிற கன்னத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன்.

அப்பாயி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க. "இப்ப அவதான். ஆனா மூக்குத்தி எங்கடா?"

மூக்குத்தியா? இருக்கிற பக்கத்துல ஒண்ணும் இல்லையேன்னேன்.

"உரிஞ்சு போச்சே அந்தப் பக்கம். வெள்ளைக்கல்லு மாதிரி ஒரு புள்ளி வெச்சிருந்தான்."

வெச்சேன். பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவுல ஒட்டியாச்சு. பொம்மை பழையபடி துணிக்குள்ள.